அண்ணனோடு நடக்கும் பாகப்பிரிவினை வழக்கை நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே போனால் என் வழக்கு பலவீனமாகுமா?

ஆகாது. சமரசர் தீர்ப்புச் சொல்பவர் அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 89-வது பிரிவின்படி நடக்கும் பேச்சுவார்த்தை இது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-லேயே சமரச மையம் வந்துவிட்டது.

முதலில் அண்ணனையும் உங்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பார்கள், அப்புறம் தனித்தனியாக. அந்தத் தனி அமர்வுதான் முக்கியம். பிராதில், அதாவது வழக்கு மனுவில், 'சரிபாதி பாகம்' என்றிருக்கும். உள்ளே போனால் தெருப்பக்கத்து முன்கட்டு யாருக்கு, அம்மாவின் வைத்தியச் செலவை யார் பார்த்தது என்பதுதான் சண்டையாக இருக்கும். இதையெல்லாம் வழக்கு மன்றம் கேட்காது. இங்கே கொட்டலாம், 'அண்ணனிடம் சொல்லாதீர்கள்' என்றால் சொல்ல மாட்டார்கள். பேசியது எதுவும் பின்னால் சாட்சியமாகாது.

ஒத்துவந்தால் எழுதிக் கையெழுத்திட்டு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்து தீர்ப்பாணை வாங்கலாம். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒத்துவராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும்: வக்கீலை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். பத்திரம், பட்டா நகலோடு நீங்களே போங்கள். வெறுமனே தலைகாட்டிவிட்டு 'முடியாது' என்று எழுதிக்கொடுத்து வருபவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.