கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர் -1.25, ஆக்சிஸ் 180' என்றால் என்ன? இது குணமாகுமா?

உங்களுக்கு அஸ்டிக்மாட்டிசம் இருக்கிறது என்று பொருள். பயப்பட ஒன்றுமில்லை, லேசான அளவில் இது பலருக்கும் உண்டு.

கருவிழியின் முன்பக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருந்தால், ஒளி விழித்திரையில் ஒரு புள்ளியில் குவியும். உங்களுக்கு அது கரண்டியின் முதுகு மாதிரி, ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறது. அதனால் ஒளி ஒரே புள்ளியில் சேராமல், கிட்டத்திலும் தூரத்திலும் எழுத்து இழுபடுகிறது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கோடு கோடாகத் தெரிகிறது. சிலிண்டர் என்பது திருத்த வேண்டிய அளவு. ஆக்சிஸ் 1 முதல் 180 வரையிலான கோணம். கண்ணாடியை அந்தக் கோணத்தில் பொருத்தாவிட்டால் பவர் சரியாக இருந்தும் தலைவலிதான். புதுக் கண்ணாடியில் தரை சாய்ந்த மாதிரி தெரிந்தால் ஓரிரு வாரம் பாருங்கள். பழகாவிட்டால் கடையில் கோணத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கான சிலிண்டர் கண்ணாடியை 1825-இல் தன் கண்ணுக்கென்றே வடிவமைத்தவர் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர். இன்றும் முதல் தீர்வு அதுதான். கான்டாக்ட் லென்ஸ் வேண்டுமென்றால் சிலிண்டர் பவரையும் திருத்தும் 'டோரிக்' வகை கேளுங்கள். லேசர் சிகிச்சைக்கு 18 வயது தாண்டி, பவர் மாறாமல் நிலைத்து, கருவிழி போதிய தடிமனோடு இருக்க வேண்டும். கண்புரை அறுவை செய்துகொள்வோருக்கு டோரிக் லென்ஸே உள்ளே வைக்கலாம். சொட்டு மருந்து, கண் பயிற்சி எதுவும் வளைவை மாற்றாது.

இளவயதில் சிலிண்டர் மட்டும் வேகமாக ஏறினால் கெரட்டோகோனஸா (கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் நோய்) என்று கருவிழி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் அதை மோசமாக்கும்.