அறுபதா, எழுபதா?

வாசகர் கேள்வி – செவிநல வல்லுநர் பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். நான்கு மாதங்களாக இரு காதுகளிலும், காதுக்குப் பின்னால் மாட்டும் செவிக்கருவி அணிகிறேன். நேரில் பேசுவது நன்றாகக் கேட்கிறது. தொலைபேசியைக் காதில் வைத்தால் மட்டும் கருவி கீச்சென்று கத்துகிறது. கழற்றிவிட்டால் குரலே எட்டவில்லை. சென்ற மாதம் மண்டோர் (மேற்பார்வையாளர்) தொலைபேசியில் எழுபது குலை என்று சொன்னதை அறுபது என்று எழுதிவிட்டேன். குலை வெட்டியவருக்குப் பத்துக் குலையின் கூலி குறைந்து, அவர் என் மேசை முன் வந்து நின்றபோது கூனிக்குறுகிப் போனேன். அலுவலகக் கூட்டங்களிலும் பாதிப் பேச்சு பிடிபடுவதில்லை. வேலையை விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேலையை விட வேண்டாம், சகோதரி. நீங்கள் எழுதியவற்றுள் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. முதல் குறையை இன்று மாலையே சரிசெய்து பார்க்கலாம்.

உங்கள் கருவியின் மைக் காதுத் துளையில் இல்லை. காதுமடலுக்கு மேலே, பின்புறம் இருக்கிறது. பழக்கத்தால் ரிசீவரைக் காதுத் துளையில் அழுத்தும்போது, எதிர்முனைக் குரல் மைக்கைச் சரியாகச் சென்றடைவதில்லை. அதே வேளையில் கருவியிலிருந்து கசியும் ஒலி ரிசீவரில் பட்டுத் திரும்பி மைக்குக்குள் நுழைவதால் கீச்சொலி எழுகிறது. வீட்டில் ஒருவரை அழைக்கச் சொல்லி, ரிசீவரின் மேல்முனையை மெல்ல உயர்த்தி, கருவி இருக்கும் இடத்தருகே ஒட்டாமல் சற்றுச் சாய்த்துப் பிடித்து, விரற்கடை அளவு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் குரல் தெளிந்து கேட்கும். அந்த இடம் கைக்குப் பழகும் வரை சில நாள்கள் பயிற்சி செய்யுங்கள். தொலைபேசி அருகில் இல்லாதபோதும் கருவி கத்தினால், காதுக்குள் வைக்கும் முனை சரியாகப் பொருந்தவில்லை என்றோ காதில் குறும்பி சேர்ந்திருக்கிறது என்றோ பொருள். கருவி பொருத்தியவரிடம் காட்டுங்கள்.

அறுபது, எழுபது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிழைக்காக உங்களையே நொந்துகொண்டிருப்பதால் இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்துகிறது. பேச்சுக்கு வலிமை தரும் உயிரொலிகள் இந்த எல்லைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. சொல்லுக்குத் தெளிவு தரும் மெய்யொலிகள் பலவற்றின், குறிப்பாக ச, ஸ போன்றவற்றின், கூர்மையான பகுதி எல்லைக்கு மேலே நின்று அறுபட்டுப் போகிறது. நேரில் பேசும்போது துணைக்கு வரும் உதட்டசைவும் தொலைபேசியில் இல்லை. இரண்டு எண்களையும் சொல்லிப் பாருங்கள்: 'உபது' என்ற பின்பாதி இரண்டிலும் ஒன்றே, தொடக்கத்து உயிரும் அடுத்து வரும் ற, ழ என்ற மெய்யும் மட்டுமே வேறு. வெட்டவெளியில் லோரி இரைச்சலுக்கு நடுவே மண்டோர் சொல்லும்போது, நல்ல காது உள்ளவரும் இங்கே இடறுவார்.

ஆகவே எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லும்படி மண்டோரிடம் கேளுங்கள்: 'ஏழு, பூஜ்யம்'. நீங்களும் அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகு எழுதுங்கள். வெறுமனே 'என்ன?' என்று கேட்டால் அவர் அதையே உரக்கக் கத்துவார். 'பிளாக் எண் கேட்டது, குலைக் கணக்கு கேட்கவில்லை' என்றால் வேண்டியதை மட்டும் நிதானமாகச் சொல்வார். கணக்கைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுத்தாக அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது. கூலிக் கணக்குக்கு அதுவே சான்றாகவும் இருக்கும்.

அடுத்த முறை கருவியைச் சரிபார்க்கப் போகும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். கருவியில் டெலிகாயில் என்னும் சிறு கம்பிச்சுருள் இருக்கிறதா என்பது முதலாவது. அது ரிசீவரின் காந்தப்புலத்தை நேரடியாக வாங்கிக்கொள்வதால் அறையின் இரைச்சலும் கீச்சொலியும் இல்லாமல் குரல் மட்டும் வரும். பல கருவிகளில் அது இருந்தும் இயக்கப்படாமல் கிடக்கிறது. பழைய குழல்விளக்கு அருகே மட்டும் ஒரு ரீங்காரம் கேட்கக்கூடும். புளூடூத் வழியாகக் கைத்தொலைபேசியுடன் இணைக்க முடியுமா என்பது இரண்டாவது. இணைந்தால் குரல் இரு காதுகளிலும் ஒருசேர ஒலிக்கும். ஒரு காதால் கேட்பதைவிட அது எவ்வளவோ தெளிவு. எல்லாக் கருவியும் எல்லாக் கைத்தொலைபேசியோடும் இணைவதில்லை என்பதால், புதுக் கைத்தொலைபேசி வாங்குமுன் கருவியைக் கையோடு கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள்.

கூட்டத்தில் எங்கே உட்காருகிறீர்கள் என்பது முக்கியம். பேசுபவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் பாதியானால், திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் கூடுகிறது. அறைக்குள் அவ்வளவு இல்லாவிட்டாலும் வேறுபாடு நன்றாகவே தெரியும். பேசுபவர் முகம் தெரியும்படி அருகில், காற்றாடியும் குளிர்சாதனமும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி அமருங்கள். நிர்வாகியிடமும் பெரிய கிராணியிடமும் சொல்லிவிடுங்கள். நோயின் பெயரை விளக்க வேண்டியதில்லை. என்ன செய்தால் உங்களுக்குக் கேட்கும் என்பதைச் சொன்னால் போதும். மறைப்பதற்குச் செலவாகும் உழைப்பு, கேட்பதற்குத் தேவைப்படும் உழைப்பைவிட அதிகம் என்பதை என்னிடம் வரும் பலரிடம் கண்டிருக்கிறேன்.

மலேசியச் சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு பெற்றவர்கள், செவிக்கருவி உள்ளிட்ட அடிப்படை உபகரணங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கோரலாம்.

கேள்வி: நானும் சுங்கை சிப்புட் பக்கம்தான், செம்பனை ஆலையில் கொதிகலன் பகுதியில் வேலை. ஆலைக்குள் செவிக்கருவியை அணைத்துவிட்டு அப்படியே மாட்டியிருந்தால், அது காதடைப்பானாகப் பயன்படுமா?

பதில்: பயன்படாது, ஐயா. உங்கள் கருவியில் காற்றோட்டத் துளை இருந்தால் இரைச்சல் அதன் வழியே நேராக உள்ளே போகும். துளை இல்லாவிட்டாலும் அது பாதுகாப்புக்கென்று செய்யப்பட்ட பொருள் அல்ல. கருவியைக் கழற்றி உலர்ந்த டப்பாவில் வைத்துவிட்டு, ஆலை தரும் காதுக்கவசத்தை அணியுங்கள். கொதிகலன் வெப்பத்தில் வழியும் வியர்வையிலிருந்து கருவியும் தப்பும்.

2019ஆம் ஆண்டின் வேலையிட இரைச்சல் விதிமுறைகள், ஒரு நாளின் இரைச்சல் அளவுக்கு 85 டெசிபல் என்ற வரம்பை வைத்திருக்கின்றன. அதற்கு மேற்பட்ட இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு முதலாளி ஆண்டுதோறும் செவிச் சோதனை நடத்த வேண்டும். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின்) தொழில்சார் நோய்களில் ஒன்று. ஆனால் கோரிக்கை வைக்கும்போது பழைய சோதனை முடிவுகளைக் கேட்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் சோதனைத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து வீட்டில் வைத்திருங்கள்.