அடுப்பேறாத பண்டங்கள்: கேள்வி பதில்

வாரத்தில் ஐந்து நாள், காலையில் எங்கள் வீட்டு அடுப்பில் சமையல் இல்லை. பதினைந்து ஆண்டுப் பழக்கம். கணவரின் காபிக்காக மட்டும் ஐந்து நிமிடம் எரியும். அந்த வழக்கில் நான் எப்போதோ தோற்றுவிட்டேன். பள்ளியில் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான், மருத்துவர் அல்ல. பால், நெய், தேன் எதுவும் சேர்க்காமல், சமைக்காத தாவர உணவை வீட்டில் செய்வதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: அம்மா, பச்சையாகச் சாப்பிடுவதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நம் வயிற்றுக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். உண்மையா?

உங்கள் மாமியார் ராமநவமிக்கு என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். பானகம், நீர்மோர், வடைப்பருப்பு என்பார். அந்த வடைப்பருப்பு சமைக்காததுதானே! அம்மனுக்கு ஏற்றும் மாவிளக்கு, பச்சரிசியை ஊறவைத்து இடித்து வெல்லம் சேர்த்துப் பிசைந்த மாவு. முருகனுக்குத் தேனும் தினைமாவும். பழனிப் பஞ்சாமிர்தத்தை நெருப்பில் வைப்பதே இல்லை, தண்ணீரும் விடுவதில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுப்பேறாத பண்டம் நமக்குப் புதிதல்ல. ஆனால் இவை அனைத்தும் கைப்பிடி அளவில், பிரசாதமாக வருபவை என்பதையும் கவனியுங்கள். மாமியார் சொல்வதில் பாதி உண்மை அங்கே இருக்கிறது.

தொடங்குவதற்கு வடைப்பருப்பே நல்லது. ஒரு கப் பாசிப்பருப்பை நன்றாகக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்துவிடுங்கள். நகத்தால் கிள்ளினால் பருப்பு உடைய வேண்டும், மாவாகக் கூடாது. ஒரு வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி, கால் மூடித் தேங்காய்த் துருவல், கிளிமூக்கு மாங்காய் கொஞ்சம், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்துக் கலந்து எலுமிச்சை பிழியுங்கள். உப்பை மட்டும் பரிமாறும்போது போடுங்கள். முன்பே போட்டால் வெள்ளரி நீர் விட்டு, பாத்திரத்தின் அடியில் குளம் கட்டிவிடும். தாளிக்காவிட்டால் எப்படி இருக்குமோ என்ற தயக்கம் முதல் வாய் வரைக்கும்தான்.

கோவையிலிருந்து ஓர் அன்பர்: பயறு முளைகட்டினால் இரண்டாம் நாளே கொழகொழத்து நாற்றம் அடிக்கிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் தண்ணீர் சரியாக வடியாததுதான் காரணம். பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்தபின் இரண்டு முறை அலசி, ஓட்டைப் பாத்திரத்தில் பத்து நிமிடம் வடியவிடுங்கள். பிறகுதான் துணி. மெல்லிய, பழைய வேட்டித் துணியே சிறந்தது. தடித்த துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வெப்பத்தையும் சேர்க்கும். மூட்டையைத் தட்டில் வைக்காமல் தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் அவிழ்த்து அலசி மறுபடி கட்டுங்கள். சித்திரை வெயிலில் பத்து மணி நேரத்தில் முளை எட்டிப் பார்க்கும். மார்கழியில் ஒரு முழு நாள்கூட ஆகலாம். அதற்காகப் பதறி மீண்டும் ஊறவைக்காதீர்கள். முளை அரை அங்குலத்துக்குள் இருக்கும்போது ருசி அதிகம். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். புளித்த வாடை வந்தால் அலசிக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முளை வளரத் தேவையான அதே ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமி வளரவும் தேவை. விதையிலேயே கிருமி ஒட்டிக்கொண்டிருந்தால், நாம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது பெருகும். 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியால் பெரும் நோய்ப்பரவல் ஏற்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விசாரித்தபோது அது பச்சை முளைகளில் போய் முடிந்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைகள்தான் மூலம் என்ற முடிவுக்கு வந்தார்கள். நம் சமையலறையில் எந்நேரமும் இருக்கும் அதே வெந்தயம். எனவே கடையில் திறந்த தட்டில் குவித்து வைத்திருக்கும் முளைப்பயறை நான் வாங்குவதில்லை.

சேலத்திலிருந்து ஒரு தாய்: மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. தினம் ஒரு கிண்ணம் பச்சை முளைப்பயறு கொடுக்கலாமா?

பச்சையாக வேண்டாம் அம்மா. இட்லித் தட்டில் வைத்து நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான்.

மதுரையிலிருந்து ஒரு மாணவர்: எல்லாப் பயறுகளையும் முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடலாமா?

கூடாது. ராஜ்மாவை முளைகட்டினாலும் பச்சையாகத் தொடாதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் நாலைந்து கொட்டை உள்ளே போனாலே வாந்தியில் கொண்டுபோய் விடும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்தால்தான் அது அடங்கும். சோயாவும் மொச்சையும் வெந்தே ஆக வேண்டியவை. மரவள்ளிக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் பச்சை மரவள்ளி பக்கமே போகாதீர்கள். சேனையும் சேப்பங்கிழங்கும் தொண்டையை அரித்தே தம் எதிர்ப்பைச் சொல்லிவிடும்.

கொண்டைக்கடலை விஷமல்ல. ஆனால் நான் புதிதாகத் தொடங்கிய உற்சாகத்தில், முளைகட்டிய கறுப்புக் கொண்டைக்கடலையை ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓர் உறவினர் திருமண வரவேற்புக்குப் போனேன். அன்று மேடையேறிப் பரிசு கொடுக்கவில்லை. அதற்கு மேல் விவரம் வேண்டாம். பச்சைப்பயறு, ஊறவைத்த வேர்க்கடலை இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேர்க்கடலையில் சுருங்கியதும் பூசணம் பிடித்ததும் இருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியுங்கள். அஃப்ளடாக்சின் என்ற நச்சு அந்தப் பூசணத்திலிருந்துதான் வருகிறது, கழுவினால் போகாது.

சென்னையிலிருந்து ஒரு சகோதரி: பிள்ளைகளுக்கு அடுப்பில்லாமல் என்ன இனிப்பு செய்யலாம்? வெல்லமும் முந்திரியும் சேர்க்கலாம்தானே?

சேர்க்கலாம். ஆனால் ‘பச்சை உணவு’ என்ற பெயரில் விற்கும் உருண்டைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வெல்லம் கொப்பரையில் மணிக்கணக்கில் காய்ச்சிய கரும்புச் சாறு. முந்திரியின் ஓட்டிலுள்ள எண்ணெய் கையைப் பொத்துப் போகச் செய்யும். ஆகையால் அதை ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் உடைக்கிறார்கள். அவலும் அப்படித்தான், ஊறவைத்த நெல்லை வறுத்து இடித்தது. இவையெல்லாம் நம் வீட்டுக்கு வருமுன்பே நெருப்பைப் பார்த்தவை. அதனால் குறைந்துபோகவில்லை, நான் அவலும் சாப்பிடுகிறேன், முந்திரியும் சாப்பிடுகிறேன். பெயரை மட்டும் சரியாகச் சொல்வோம்.

உண்மையிலேயே அடுப்பேறாத இனிப்பு வேண்டுமானால் எள்ளுருண்டை செய்யுங்கள். நூறு கிராம் கறுப்பு எள்ளை மண் போக அரித்து, நான்கு மணி நேரம் ஊறவைத்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் அதே அளவு. கல் உரல் இருந்தால் அதில் போட்டு இடியுங்கள். மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து உருண்டை பிடிக்காது. ஒரு ஏலக்காய், விரும்பினால் கொப்பரைத் துருவல். வறுக்காத எள்ளில் மெல்லிய கசப்பு இருக்கும். பிள்ளைகள் முகம் சுளித்தால் பேரீச்சையைக் கூட்டுங்கள். நூறு கிராம் எள்ளில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் தோலிலுள்ள ஆக்சலேட் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அத்தனையும் உடம்பில் சேரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்னொன்று, நெய்யும் தேனும் இல்லாத பஞ்சாமிர்தம். நான்கு மலைவாழைப்பழத்தைக் கையால் மசித்து, நறுக்கிய பேரீச்சை பத்து, உலர்திராட்சை ஒரு பிடி, ஏலக்காய், நெய்க்குப் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு மேசைக்கரண்டி. மலைவாழைதான் வேண்டும். அதில் நீர் குறைவு. ரஸ்தாளியில் செய்தால் அரை மணியில் கூழாகிவிடும். கோயில் பஞ்சாமிர்தம்போல் நாள்கணக்கில் தாங்காது. அங்கே சர்க்கரையும் தேனும் காவல் இருக்கின்றன. இதை அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஓர் அன்பர்: மூன்று வேளையும் சமைக்காத உணவுக்கு மாற முடிவு செய்திருக்கிறேன். உங்கள் ஆசி வேண்டும்.

ஆசிக்கு முன் ஒரு சிறு கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் தேவை. நூறு கிராம் உலர்ந்த பச்சைப்பயறில் இருப்பது சுமார் 24 கிராம். பயறை மட்டும் நம்பினால் இருநூறு கிராம் வேண்டும். முளைவிட்டால் அது ஒரு சிறு குண்டான் நிறைய வரும். தினமும் மென்று முடிப்பீர்களா? தேங்காயும் பழமும் பசியை அடக்கும், புரதத்தை ஈடுகட்டாது.

அதைவிட முக்கியமானது வைட்டமின் பி12. தாவர உணவு எதிலும் நம்பத்தக்க அளவில் அது கிடையாது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதாகச் சொல்லி விற்பார்கள். அதிலுள்ளது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பாலையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரியச் சில ஆண்டுகள் ஆகும். கால் மரத்துப் போவதும் மறதியும் வந்தபின் விழிப்பது தாமதம்.

காந்தியே இதில் இரண்டு முறை இறங்கிப் பார்த்தவர். 1893-இல் பிரிட்டோரியாவில் ஊறவைத்த கோதுமை, பட்டாணி என்று தொடங்கிச் சில நாட்களில் கைவிட்டார். 1929-இல் ஆசிரமத் தோழர்களோடு மறுபடி முயன்று, சீதபேதி கண்டு நிறுத்தினார். தோல்வியை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அவர் உறுதியோடு என் உறுதியை ஒப்பிடத் துணிய மாட்டேன். ஆகவே ஒரு வேளை போதும் என்று நிற்கிறேன். உங்களுக்கும் முதலில் ஒரு வேளை, மூன்று மாதம். அதன்பின் ஆசி கேளுங்கள்.

நெல்லையிலிருந்து ஓர் ஐயா: சமைத்தால் உணவிலுள்ள நொதிகள் செத்துவிடும், செரிமானத்துக்கு அவைதான் உதவும் என்கிறார்களே?

நொதிகள் வெப்பத்தில் செயலிழப்பது உண்மை. ஆனால் அவையும் புரதங்கள்தான். இரைப்பை அமிலத்தில் பெரும்பாலும் சிதைந்துவிடும். நமக்கு வேண்டிய செரிமான நொதிகளை நம் உடம்பே சுரக்கிறது ஐயா. சமைக்காததில் லாபம் வேறு இடத்தில்: வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை கொதிநீரில் கரைந்து வீணாவதில்லை. நெல்லிக்காயைப் பச்சையாகக் கடியுங்கள். கேரட்டிலும் தக்காளியிலும் கதை தலைகீழ். அவற்றின் நிறச்சத்துகள் வெந்தால்தான் நன்றாக உட்கிரகிக்கப்படுகின்றன. கேரட்டைப் பச்சையாகத் துருவினால் தேங்காயோ ஊறவைத்த வேர்க்கடலையோ சேர்த்துவிடுங்கள், கொழுப்பு துணை இருந்தால்தான் அது உடம்பில் ஒட்டும்.

தஞ்சையிலிருந்து ஒரு சகோதரர்: காலையில் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறேன். சில நாள் கசக்கிறது. மிளகு சேர்த்துக் குடித்துவிடலாமா?

குடிக்காதீர்கள்! கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு கூடியிருக்கிறது. வாந்தி, இரத்த வாந்தி, உயிரிழப்பு வரை போயிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே நிபுணர் குழு வைத்து எச்சரித்திருக்கிறது. ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டு நறுக்கி நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயும் குப்பைக்கு. இஞ்சியோ மிளகோ சேர்த்துக் கசப்பை மறைப்பதுதான் இதில் பேராபத்து. வெள்ளரி, பீர்க்கங்காய்க்கும் இதே சோதனை.

வேலூரிலிருந்து ஓர் இளம் தாய்: ஏழு மாதக் குழந்தைக்கு முளைகட்டிய ராகிப் பாலைக் காய்ச்சாமல் கொடுத்தால் சத்து அதிகமா?

இல்லை. பச்சை மாவுச்சத்து அந்த வயிற்றில் செரிக்காது, கிருமிப் பயமும் உண்டு. முளைகட்டி, அரைத்து, வடிகட்டி, கூழாகக் காய்ச்சியே கொடுங்கள். ராகியின் கால்சியம் காய்ச்சினால் ஓடிப்போய்விடாது.

டொராண்டோவிலிருந்து ஓர் அக்கா: இங்கே வெயில் குறைவு. பழங்களை உலர்த்தும் மின்கருவி வாங்கலாமா? எத்தனை டிகிரியில் வைப்பது?

வாங்கலாம். பச்சை உணவுக்காரர்கள் 46 முதல் 48 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. மாம்பழக் கூழைக் கால் அங்குலத்துக்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்புங்கள். உங்களுக்கு யாழ்ப்பாணத் தொடர்பு இருந்தால் பனாட்டு நினைவுக்கு வரும். பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி, காய்ந்ததன் மேல் மறுபடி மறுபடி ஊற்றி வெயிலில் உலர்த்துவார்கள். அதே முறைதான், ஒவ்வோர் அடுக்கும் முழுதாகக் காய்ந்தபின் அடுத்தது. அவசரப்பட்டால் நடுவில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்: பச்சை முட்டைக்கோஸில் நாடாப்புழு இருக்கும் என்பது கட்டுக்கதையா?

முழுக் கட்டுக்கதை அல்ல. கழிவு கலந்த நீரும் மண்ணும் பட்ட எந்தக் காயிலும் நாடாப்புழு முட்டை ஒட்டியிருக்கலாம். அது மூளை வரை போய் வலிப்பை உண்டாக்கும். முட்டைக்கோஸை வெளி இலைகளை நீக்கி, இதழ் இதழாகப் பிரித்து, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். உப்பு நீரில் முக்கி எடுத்தால் போதும் என்று நம்பாதீர்கள். காய் வந்த இடம் தெரியாவிட்டால் வதக்கிவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி: தேங்காய்ப்பால் எவ்வளவு நேரம் தாங்கும்? பிழிந்த சக்கையை என்ன செய்வது?

வெளியில் இரண்டு மணி நேரம், கோடையில் அதுவும் இல்லை. பஸ் பயணத்துக்குக் கொண்டுபோய்ப் பாட்டிலைத் திறந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனதை நான் கண்டிருக்கிறேன். சக்கையை எறியாதீர்கள். பச்சை மிளகாய், மாங்காய், உப்பு வைத்து அரைத்தால் துவையல். மிஞ்சினால் நிழலில் உலர்த்திப் பேரீச்சையோடு உருட்டுங்கள். அதுவும் மிஞ்சினால், எங்கள் வீட்டில் கணவரின் காபியோடு போகும் பிஸ்கட்டில் கலந்துவிடுவேன். அது அடுப்பேறியதுதான்.