சிவிங்கியைச் சூழ்ந்த வண்டிகள்

அன்புள்ள ஐயா,

ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யா போகிறோம். ஆறு நாட்களில் அம்போசெலி, நகுரு, மசாய் மாரா பார்த்துவிட்டு அப்படியே செரங்கெட்டியும் போய்வர ஆசை. வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்? ஓட்டுநருக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தால் விலங்குகளுக்கு மிக அருகில் கூட்டிப்போவாராமே? எட்டு வயது மகளை அழைத்துப்போகலாமா?

வாசுகி, தாம்பரம்

அன்புள்ள வாசுகி,

மகளை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வயதில் அப்படியொரு புல்வெளியைப் பார்ப்பது பெரிய கொடுப்பினை.

லென்ஸை கேமரா கடைக்காரரிடம் கேளுங்கள். உங்கள் பயணத்திட்டம் சரியில்லை. நைரோபியிலிருந்து மாராவுக்கே சாலையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாராவும் தான்சானியாவிலுள்ள செரங்கெட்டியும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலும், சுற்றுலா வண்டிகள் இசபேனியா எல்லைவரை சுற்றித்தான் போகவேண்டும். மாராவிலேயே நான்கு நாள் தங்குங்கள். ஆற்றங்கரையில் வில்டபீஸ்ட் கூட்டம் மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பியும் போகும். அது ஆற்றைக் கடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

ஆனால் அந்த ‘கூடுதல் பணம்’ என்ற ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். வெகுநாளாக மனதை அறுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அது.

மாராவில் ஒருநாள் காலை, தாய்ச் சிவிங்கி (சீட்டா) ஒன்று கறையான் புற்றின்மேல் ஏறி நின்றது. பின்னால் புல்லுக்குள் மூன்று குட்டிகள், முதுகெல்லாம் சாம்பல் நிறத்தில் சிலிர்த்த முடி. தூரத்தில் தாம்சன் மான்கள் மேய்ந்தன. ரேடியோக்களில் ‘டூமா, டூமா’ என்று குரல்கள் கரகரத்தன. ஸ்வாஹிலியில் சிவிங்கிக்கு அதுதான் பெயர். கொஞ்ச நேரத்தில் நாலா பக்கமும் வண்டிகள். அது இறங்கி நடந்தால் ஒரு வண்டி முன்னால் வந்து நின்றது. விலகினால் இன்னொன்று. சக்கரங்களுக்கு நடுவே தலையைத் தாழ்த்தி மான்களைப் பார்த்தது. மான்கள் போய்விட்டிருந்தன. கடைசியில் ஒரு வண்டியின் நிழலிலேயே படுத்துவிட்டது. திறந்த கூரை வழியே எட்டிப்பார்த்த ஒருவர், “என்ன சாது பாருங்க!” என்று நெகிழ்ந்தார். சாதுவா? அது பட்டினி, ஐயா!

சிங்கமும் கழுதைப்புலியும் இரவில் வேட்டையாடிக்கொள்ளும். அவற்றுக்கு ஒதுங்கிப் பெரும்பாலும் பகலில் வேட்டையாடுவது சிவிங்கி. அதாவது நாம் கேமராவோடு கிளம்பும் நேரம்தான் அதற்கும் பிழைப்பு நேரம். பிடித்த இரையையும் அவசரமாகத் தின்னவேண்டும், கழுதைப்புலி வந்தால் விட்டுவிட்டு ஓடவேண்டியதுதான். மாரா பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் குறைவாக உள்ள இடங்களில் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து தனித்துப் போகும் வயதை எட்டின. வண்டிகள் மொய்க்கும் இடங்களில் 0.2 மட்டும். இந்தியாவில் 1952-இல் சிவிங்கி அற்றுப்போனதாக அறிவித்து, 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவந்தவர்கள் நாம். அங்கே போய் நூறு டாலரை நீட்டி ஒரு தாயின் வழியை மறிக்க நமக்கு எப்படி மனம் வருகிறது?

ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்குமேல் நிற்கக்கூடாது என்பது மாராவின் விதி. அது ஓட்டுநர்களுக்குத் தெரியாமலில்லை. நம் டிப்ஸை நம்பி வீட்டில் அடுப்பெரியும்போது, பின்னாலிருந்து “இன்னும் கிட்டப் போங்க” என்றால் அவர் என்ன செய்வார்? ஆகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள், தூரத்தில் நிறுத்தினால்தான் கூடுதல் டிப்ஸ் என்று. உங்கள் பணம் அதற்குப் பயன்படட்டும்.

கையில் இன்னும் கொஞ்சம் பணமிருந்தால் மாரா காப்பகத்தை ஒட்டியுள்ள நபோய்ஷோ போன்ற கன்சர்வன்சிகளில், அதாவது தனிக் காப்பு நிலங்களில், தங்குங்கள். மசாய் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, குத்தகைப் பணமும் அந்தக் குடும்பங்களுக்குப் போகிறது.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மகளுக்கும் சேர்த்து, புறப்பட பத்து நாளாவது இருக்கும்போதே போட்டு அட்டையை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் திரும்பினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்.