ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு. தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானி. நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கித்தான் வேறு வேலையில் இருந்தபடியே சேரக்கூடிய பகுதிநேர ராணுவமான டெரிடோரியல் ஆர்மியில் அதிகாரியாகச் சேர்ந்தேன். வருடாந்திரப் பயிற்சிக்குக் கிளம்பும்போதெல்லாம் முகம் சுளிப்பார்கள். தீபாவளி, பொங்கல் என்றால் டியூட்டி எனக்குத்தான். "பார்ட் டைம் சோல்ஜர், பார்ட் டைம் பைலட்" என்று மேலதிகாரி எல்லோர் முன்னிலும் கேலி செய்தார். போன வருஷம் எங்கள் பட்டாலியனை எம்பாடி செய்தார்கள், அதாவது முழுநேர ராணுவப் பணிக்கு அழைத்தார்கள். உத்தரவு நகலைக் கொடுத்துவிட்டே கிளம்பினேன். அடுத்த மாதம் பணி முடிகிறது. இப்போது எச்.ஆர்., "ராஜினாமா செய்யுங்கள், வந்ததும் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறோம்" என்று படிவத்தோடு மெயில் அனுப்பியிருக்கிறது. மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: கேலியையும் தீபாவளி டியூட்டியையும் ஓரமாக வையுங்கள். சேலம் கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்வதுதான் மிச்சம். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: உத்தரவு வந்த அன்று நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர். இன்றும் ஊழியர்.

டெரிடோரியல் ஆர்மி சட்டம், 1948-ன் 7ஏ பிரிவுப்படி, ராணுவப் பணி முடிந்து வருபவரைத் திரும்ப வேலையில் வைப்பது முதலாளியின் கடமை. உத்தரவு வந்த பிறகு வேலையை விட்டு நீக்கினால், அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கவே நீக்கினார்கள் என்று சட்டமே அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது அவர்கள் பாடு. எச்.ஆருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நீக்காமல், உங்களையே போகச் சொல்கிறார்கள்.

அந்தப் படிவத்தைத் திறந்து பாருங்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று அவர்களே அடித்து வைத்திருப்பார்கள். கையெழுத்துக்கும் தேதிக்கும் மட்டும் இடம் இருக்கும். போட்டீர்களென்றால் அந்த அனுமானம் போச்சு. விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாத நோட்டீஸ். ராணுவத்தில் இருந்துகொண்டு அதை எப்படிக் கழிப்பீர்கள்? குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சிக்காக, இத்தனை காலம் வேலை செய்வேன் என்று பாண்டு எழுதியிருந்தால் அந்தப் பணத்தையும் கேட்பார்கள்.

என்னிடம் வழக்குக்கு வந்த ஆத்தூர்ப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர், டெரிடோரியல் ஆர்மி ஜவான், மில் வேலை. மேனேஜர் சொன்னார் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அந்த மேனேஜர் மாற்றலாகிவிட்டார். புதியவர் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ரொம்ப நல்ல மனுஷன் சார்" என்றார். இருக்கலாம். ஆனால் அவர் கொடுத்த வாக்கு எந்தக் காகிதத்திலும் இல்லையே.

இன்னொரு பள்ளம், கெடு. பணி முடிந்து இரண்டு மாதத்துக்குள் வேலை கேட்டு விண்ணப்பிக்காவிட்டால், அதுவே முதலாளிக்குத் தற்காப்பு. ஊருக்கு வந்து ஓய்வெடுத்தபடி, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தே பலர் கோட்டை விடுகிறார்கள். ரோஸ்டர் பார்ப்பவருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். விடுவிப்பு உத்தரவின் நகலோடு பதிவுத் தபால், கூடவே மெயில்.

அப்புறம், நான் சொல்வது பிடிக்காது. சண்டைக்குப் போகாதீர்கள், பேசி முடியுங்கள். 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லாதவரை நேராக காக்பிட்டில் உட்கார வைக்க முடியாது. இதைக் காட்டி, திரும்ப எடுப்பது சாத்தியமில்லை என்பார்கள். விவகாரம் உரிய அதிகாரியிடம் போனால், அவர் நிறுவனத்துக்கு விலக்கே கொடுக்கலாம்; வேலை கொடு என்றும் சொல்லலாம்; இல்லையென்றால் இழப்பீடு, அதற்கு உச்சவரம்பு ஆறு மாதச் சம்பளம். உத்தரவை மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். விமான நிறுவனத்துக்கு ஆயிரம் ரூபாய்! பறக்காமல் ஒரு வருஷம் வழக்கு நடத்தினால் உங்கள் நஷ்டம் அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிடும்.

கேட்க வேண்டியவை: சேரும் நாளிலிருந்து சம்பளம், அவர்கள் செலவில் சிமுலேட்டர் பயிற்சி, சீனியாரிட்டி. பதிலுக்கு, இல்லாத மாதங்களைப் பாண்டில் கூட்டிக்கொள்ளச் சம்மதியுங்கள். பட்டாலியன்களை எம்பாடி செய்ய 2025-ல் வந்த அறிவிப்பு 2028 பிப்ரவரி 9 வரை செல்லும். மறுபடி அழைப்பு வரலாம், அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள். பேச்சுவார்த்தை பெரும்பாலும் அங்கேதான் முறிகிறது.

மெயிலுக்கு இன்றே பதில் போடுங்கள்: "ராஜினாமா செய்யும் எண்ணமில்லை. ராணுவப் பணி முடிந்ததும் வேலையில் சேர்கிறேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.