பண்பாட்டு அடையாளத்தைப் பேசும் கலைக் கண்காட்சி என்றால் என்ன?

ஒரு மக்களின் மரபை இன்றைய கலைஞர் தன் கேள்விகளோடு எடுத்து, புதிதாகச் செய்து காட்டும் இடம் இது. பாட்டியின் பட்டுப்புடவையைப் பேத்திக்குப் பாவாடையாகத் தைப்பது மாதிரி: ஜரிகை அதேதான், உடுத்துபவரும் காலமும் வேறு.

சரி, எதற்காக இப்படி? காலனி ஆட்சிக்கு உட்பட்ட மக்களின் கதையை நெடுங்காலம் ஆண்டவர்களே சொல்லி வந்தார்கள். இப்போது அதை அந்த மக்களே சொல்கிறார்கள். கானாவில் 1944இல் பிறந்து, நைஜீரியாவில் பல்லாண்டு கற்பித்த எல் அனாட்சுயி என்ற கலைஞர் இதற்கு அருமையான உதாரணம். மதுபாட்டில் மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்துப் பிரம்மாண்டமான திரைகளாக்குகிறார். தள்ளி நின்றால் கானாவின் மரபான கென்டே நெசவுத் துணி போல மின்னும். கிட்டப் போனால் மூடியில் மதுக் கம்பெனியின் பெயரைப் படிக்கலாம். ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2023இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்திலும் அவருடைய திரைகள் தொங்கின. அவற்றை எப்படி மடித்துத் தொங்கவிடுவது என்பதைப் பெரும்பாலும் காட்சிக்கூடத்தாரிடமே விட்டுவிடுவார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இத்தகைய கண்காட்சிகள் பழம்பெருமை பாடுவதற்கென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, மரபின் அழகோடு அதற்கு நேர்ந்த கொடுமையையும் சேர்த்தே காட்டுகின்றன.