நாலு சூத்திரம் எதற்கு, சாய்வு போதும்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், நேர்க்கோட்டின் சமன்பாட்டுக்கு உள்ள சூத்திரம் எல்லாவற்றையும் தலைகீழாக ஒப்பிக்கிறாள். கணக்கைக் கொடுத்தால் எதைப் போடுவது என்று முழிக்கிறாள். அவள் போட்ட கணக்கு ஒன்றை அனுப்பியிருக்கிறேன். எதை மனப்பாடம் செய்யச் சொல்லட்டும், சார்?
— ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: சாய்வு ஒன்றை மட்டும், அம்மா. ஒய் எவ்வளவு மாறியதோ அதை எக்ஸ் மாறிய அளவால் வகுத்தால் சாய்வு. ஒரே கோட்டில் எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் அது மாறாது. சூத்திரங்கள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவைதான். பாளையங்கோட்டையில் பாடம் நடத்திய காலமெல்லாம், இது பிள்ளைகளுக்குப் பிடிபட்ட பிறகே சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவேன்.

மகளின் கணக்கைப் பார்த்தேன். வழி சரி. புள்ளிகள் (2, 5), (6, −3). மேலே −3 − 5 என்று இரண்டாம் புள்ளியில் தொடங்கியவள், கீழே 2 − 6 என்று முதல் புள்ளிக்குத் தாவிவிட்டாள். −2 வரவேண்டிய சாய்வு 2 ஆகிவிட்டது. மேலே தொடங்கிய புள்ளியிலேயே கீழேயும் தொடங்க வேண்டும். பிறகு ஒய் − 5 = −2(எக்ஸ் − 2). சுருக்கினால் 2எக்ஸ் + ஒய் = 9. உடனே மற்றப் புள்ளியைப் போட்டுப் பார்க்கட்டும்: 12 − 3 = 9, சரி. அவள் எழுதிய ஒய் = 2எக்ஸ் + 1 என்பதில் எக்ஸுக்கு 6 போட்டால் 13 வருகிறது. −3 எங்கே, 13 எங்கே! இப்படிச் சரிபார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போகவே விடாதீர்கள்.

பயிற்சிக்குத் தினசரியில் வரும் பாபநாசம் அணை நீர்மட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் 102 அடி, மூன்றாம் நாள் 108 அடி என்று வைத்துக்கொள்வோம். சாய்வு 3; ஒய் = 3எக்ஸ் + 99. அணையின் முழு மட்டம் 143 அடி. இதே வேகத்தில் ஏறினால் 15ஆம் நாள் நிரம்பிவிடும். நிஜத்தில் அப்படி ஏறாது. மலையில் மழை ஒருநாள்போல இருக்காது. மேலே போகப் போக அணையும் அகலம், அதே தண்ணீருக்கு மட்டம் குறைவாகத்தான் உயரும். கோடு எங்கே பொருந்தும், எங்கே விலகும் என்று பிள்ளை தானே பார்க்கட்டும்.

இன்னொன்று. (4, 1), (4, 7) போல வந்தால் கீழே பூஜ்யம் விழும். அது நிமிர்ந்து நிற்கும் கோடு, அதற்குச் சாய்வு கிடையாது. எக்ஸ் = 4 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.